தீவில் ஓர் இல்லம்

‘வீடு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நாம் குடியிருக்கும் மனையும் வீடு. பற்றுகளை விட்டவர் அடையும் பேறும் வீடு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றவர்களுக்கு இச்சொல் ஓயாத தொல்லை. அலுவலகக் கோப்பில் ‘ரெசிடென்ஸ்’ என்று வருகிறது. இந்தியில் ‘ஆவாஸ்’ என்று எழுதுகிறோம். தமிழ்ப் படிவமானால் ‘இருப்பிடம்’ என்று போடுகிறோம். மூன்றும் சரியே. மூன்றிலும் அடுப்பின் வாசனை மட்டும் இல்லை.

ஊர்விட்டு ஊர் மாற்றலாகிச் செல்லும் குடும்பங்களிடையே நான்காவதாக ஒரு சொல் வழங்குகிறது. ‘குவாட்டர்ஸ்’ என்பது அது. டில்லியில் வாழும் தமிழரும், ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் வாழும் தமிழரும் இதை நன்கு அறிவர். மாலையில் வேலை முடிந்து குவாட்டர்ஸுக்குப் போகிறோம். கோடை விடுமுறையில்தான் வீட்டுக்குப் போகிறோம். வீடு என்பது ஊரில் இருப்பது. அல்லது ஓய்வு பெற்றபின் ஊரில் கட்டப்போவது. இடையில் கழியும் முப்பது ஆண்டுகளுக்குப் பெயரே இல்லை. அந்த முப்பது ஆண்டுகளைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறோம்.

பேசும் இடம் அந்தமான். சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, வங்கக் கடலுக்கு அப்பால் உள்ள தீவுகள் இவை. கப்பலில் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று மேல். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய தலைநகரம் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றது. வீட்டுப் பேச்சில் பழைய பெயர் இன்னும் போகவில்லை. 2011 ஆம் ஆண்டுக் கணக்குப்படி இங்குள்ள மக்கள் சுமார் 3,80,000 பேர். அவர்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் இருந்தனர். ஆகவே தனிமை என்று சொல்வதற்கில்லை. சந்தையிலும் தமிழ் உண்டு, கோயிலிலும் உண்டு, மீன் விலை பேசுவதிலும் உண்டு.

சுற்றுலா விளம்பரங்களில் நேயர்கள் காணும் அந்தமான் வெண்மணற் கரையும் பளிங்குபோன்ற கடலுமாக இருக்கும். அவை பொய் அல்ல. ஆயினும் ஊரிலிருந்து விருந்தினர் வந்தாலன்றி நாங்கள் அக்கரைகளுக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் எங்களுக்கு வாய்த்த அழகெல்லாம் மரச்சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒரு பழைய வீட்டுக்குள்ளும், அதன் தாழ்வாரத்திலும் அடங்கியது. அதைக் காண்பதற்குக் கப்பல் சீட்டு வேண்டியதில்லை. பெட்டியைப் பிரித்து வைத்தால் போதும்.

பெட்டி என்றதும் ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஓர் இளங்குடும்பம் மாற்றலாகி வந்தது. ஆறு மாதம் ஆகியும் கூடத்தில் பெட்டிகள் அடுக்கியபடியே இருந்தன. வெண்கலப் பானையும் நல்ல தட்டுகளும் செய்தித்தாளில் சுற்றியபடி உள்ளே கிடக்க, சாப்பாடு பிளாஸ்டிக் தட்டில் நடந்தது. ஜன்னலுக்குத் திரையாக ஒரு பழைய வேட்டி. ஜங்கிலிகாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பாட்டி ஒருவர் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருவார். அவர் ஒருநாள் அந்த வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

“ஏம்மா, நாளைக்குக் கப்பலா?”

“இல்லை பாட்டி. இன்னும் மூணு வருஷம் இருக்கணும்.”

“அப்போ மூணு வருஷமும் பெட்டி மேலேயா குடித்தனம்?”

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். அடுத்த வாரம் வெண்கலப் பானை அடுப்பேறியது. ஜன்னலுக்குப் பூப்போட்ட துணி வந்தது. பாட்டி கேட்டது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றலாம். அதனுள் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கு மூன்று ஆண்டு என்பது காத்திருக்கும் காலம். ஐந்து வயதுக் குழந்தைக்கோ அது அறிந்த உலகத்தில் பாதிக்கு மேல். ‘இது நம் வீடு அல்ல’ என்று கேட்டுக்கொண்டே வளரும் குழந்தை வேறு எதைத் தன் வீடென்று கொள்ளும்? ஊரில் உள்ள வீட்டை அது ஆண்டுக்குப் பதினைந்து நாள் கண்டிருக்கிறது. அங்கே அது விருந்தாளி. இங்கேயும் அதை விருந்தாளியாக வைத்துவிட்டால், இருபது வயதில் அதன் நினைவில் எஞ்சுவது மூட்டை முடிச்சுகள்தாம்.

எங்கள் வீட்டின் காலைப் பொழுதைச் சொல்கிறோம். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி வகுக்கப்பட்டது. நாங்கள் இருப்பதோ ஏறத்தாழ 93 பாகையில். ஆகவே கடிகாரம் டில்லியைப் பார்த்து ஓடுகிறது, கதிரவன் எங்களைப் பார்த்து எழுகிறான். ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடும். எங்கள் சமையலறைக்குக் கிழக்குச் சுவர் மரப்பலகை. பழைய பலகை ஆதலால் இடுக்குகள் உண்டு. அந்த இடுக்குகளின் வழியே ஒளி கோடு கோடாக உள்ளே விழும். இட்லிப் பானையின் ஆவி எழும்போது அக்கோடுகள் கைக்கு எட்டும் பொருள்போல் துலங்கும். அது பத்து நிமிடக் காட்சி. பிறகு வெயில் மேலேறிவிடும், ஆவியும் அடங்கிவிடும். அந்தப் பத்து நிமிடமும் அடுக்களையில் நிற்பவருக்கே உரியது. போர்வைக்குள் இருப்பவருக்கு இல்லை.

மாலையில் இதற்கு மறுதலை. நவம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். கடலூரும் நாங்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கிறோம். எங்கள்மேல் மறைந்த கதிரவன் அங்கே மறைய இன்னும் ஐம்பது நிமிடம் ஆகும். முன்பெல்லாம் இத்தீவுகளின் தொலைத்தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பேச்சு பாதியில் அறும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் போட்ட கம்பிவடம் திறக்கப்பட்ட பின்னர், முகம் பார்த்துப் பேச முடிகிறது. கடலூரில் இருக்கும் எங்கள் அம்மா திண்ணையில் அமர்ந்து பேசுவார். அவர் முகத்தில் மஞ்சள் வெயில். எங்கள் பக்கத்தில் சுவாமி விளக்கு. “அதற்குள்ளா விளக்கேற்றிவிட்டீர்கள்?” என்று நாள்தோறும் கேட்பார். ஏன் என்று பலமுறை விளக்கியாயிற்று. மறுநாளும் அதே கேள்வி. இப்போது நாங்கள் விளக்குவதில்லை. அவர் கேட்கும்வரை காத்திருக்கிறோம்.

இதனால் ஒரு சிக்கலும் உண்டு. ராகு காலத்தைச் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது முறை. ஊரிலிருந்து வந்த நாட்காட்டியோ திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை என்று அச்சிட்டிருக்கிறது. தீவின் உதயத்தை வைத்துப் பார்த்தால் அது ஆறரைக்கே தொடங்கிவிடுமே என்று எங்கள் தெருவில் ஒரு கட்சி. அச்சிட்டதே பிரமாணம் என்பது மறு கட்சி. வேறு சிலர் இரண்டையும் கூட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இனி, மழை. தென்மேற்குப் பருவம் இந்திய மண்ணில் முதன்முதல் கால்வைப்பது இத்தீவுகளில்தான். மே மாதம் மூன்றாம் வாரத்தை ஒட்டி வந்துவிடும். வடகிழக்குப் பருவத்தின் மழையும் எங்களுக்கு உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் இருமடங்கு. தகரக் கூரையின் கீழ் இருந்து கேட்டவர்களுக்குத்தான் இம்மழை இன்னதென்று தெரியும். முதலில் வாணலியில் கடுகு வெடிப்பதுபோல் அங்கொன்றும் இங்கொன்றும். பிறகு களத்தில் நெல்லைக் கொட்டும் ஓசை. அதன்பின் ஓசை என்றே சொல்ல முடியாது, வீடே ஓசைக்குள் அமிழ்ந்துவிடும். வானொலி நண்பர்கள் மன்னிக்க வேண்டும்: அவ்வேளையில் அவர்களுடைய நிகழ்ச்சி எதுவும் எங்கள் காதில் விழுவதில்லை. ஒருவரோடு ஒருவர் பேசவும் முடியாது. பேச முடியாதபோது ஒரு குடும்பம் என்ன செய்கிறது என்பது பார்க்கத் தகுந்தது. அவரவர் மூலையில் கைபேசியோடு இருந்தவர்கள் எழுந்து கூடத்துக்கு வருவார்கள். பல்லாங்குழி வெளியே வரும். அதற்குப் பேச்சு வேண்டாம், கை போதும். காய்களுக்குப் புளியங்கொட்டைதான். கடற்கரையில் சோழியும் சங்கும் கிடக்கின்றனவே என்று எண்ணக்கூடாது. பவளங்களையும் பல சங்கினங்களையும் வனவிலங்குச் சட்டம் காக்கிறது. அவற்றைப் பார்த்துவிட்டு வரலாம். பையில் போட்டுக்கொண்டு வரலாகாது. பிள்ளைகளுக்கு இது முதலில் வருத்தம் தந்தது. பிறகு, பெரிய சங்கு ஒன்று கிடக்கும் பாறை இடுக்கு எங்கே என்பதைத் தங்களுக்குள் இரகசியமாக வைத்துக்கொண்டு, போகும்போதெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இவ்வளவு பெய்தும், மாசியிலிருந்து சித்திரைவரை குடிநீருக்குத் தட்டுப்பாடு. தீவு ஒடுங்கியது, மேடுபள்ளமானது. பெய்த நீர் நில்லாமல் கடலுக்கு ஓடிவிடுகிறது. நகரத்துக்கு முக்கிய ஆதாரம் தனிக்காரி என்னும் ஒரு நீர்த்தேக்கம். கோடையில் அதன் மட்டம் இறங்கினால் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாளும், சில ஆண்டுகளில் அதனினும் அரிதாகவும் தண்ணீர் வரும். வருகிற நேரம் பெரும்பாலும் விடியற்காலை. பீப்பாய், அண்டா, குடம், சொம்பு என்று வீட்டில் உள்ள பாத்திரம் எல்லாம் நிரம்ப வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லத்தின் எளிய இன்பங்களைப் பற்றிச் சொற்பொழிவு செய்வது ஆடவர்க்குப் பழக்கமான வேலை. அந்த எளிமையை நாள்தோறும் துலக்கித் துடைத்து வைக்கிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. விடியலின் அழகை ஒருவர் தாழ்வாரத்தில் அமர்ந்து வியப்பதற்காக மற்றொருவர் நான்கு மணிக்கு எழுந்து குடம் தூக்குவாரானால், அந்த அழகில் பாதி கடன் என்றே கொள்ளவேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது ஆண்களின் வேலை என்று ஏற்பாடு. அதனால்தான் விடியற்காலையில் குழாய் முதலில் இருமி, பிறகு சீறி, பிறகு கனத்து ஒழுகும் ஓசையும், செப்புக் குடம் நிரம்ப நிரம்ப அதன் சுருதி ஏறுவதும் எங்களுக்குத் தெரியும். எந்தக் குடம் எவ்வளவு நிரம்பியது என்பதை இருட்டிலும் காதால் சொல்லிவிடுவோம். தண்ணீர் வந்த நாள் எங்கள் தெருவில் திருநாள். தலைமுழுகிய பெண்களின் கூந்தல் உலரும். புளியிட்டுத் தேய்த்த பாத்திரங்கள் வேலியோரம் வெயிலில் காயும். மே மாதத்து முதல் மழையன்று தெரு முழுவதும் இறவாணத்தின் கீழே பாத்திரம் வைத்திருப்பார்கள். பித்தளைக்கு ஓர் ஓசை, எவர்சில்வருக்கு ஓர் ஓசை, பிளாஸ்டிக் வாளிக்கு ஓர் ஓசை. கச்சேரி என்று சொன்னால் மிகைதான். வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கும் நேரம் என்று சொல்லலாம்.

கோலத்துக்கு இம்மழை ஆகாது. எட்டு மாதம் முற்றத்தில் கோலமிட முடியாது. இட்டால் மாவு கரைந்து வாய்க்காலில் போய்விடும். ஆகவே எங்கள் தெருவில் கோலங்கள் தாழ்வாரத்துக்குள் வந்துவிட்டன. இரண்டு முழ இடத்தில் ஏழு புள்ளிக்குமேல் செல்லாது. இடம் குறுகியதால் இழை நுண்மையாயிற்று. தஞ்சையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பார்த்துவிட்டு, ஊரில் தெருவடைத்துப் போடும் கோலத்தில் இந்த நயம் இல்லை என்றார். அவர் உபசாரத்துக்குச் சொல்கிறவர் அல்லர்.

மழை ஓய்ந்த பகலில் வீட்டின் மற்றக் குடிகள் வெளிப்படும். அவற்றுள் முதல்வர் பச்சைப் பல்லியார். நம் ஊர்ப் பல்லி சாம்பல் நிறம், இரவில் உலாவுவது. அந்தமானுக்கே உரிய இந்தப் பல்லியோ இளந்தளிர்ப் பச்சை, முதுகில் செம்புள்ளிகள், பகல் வெளிச்சத்தில்தான் நடமாட்டம். இதன் உறவினர் எல்லாரும் மடகாஸ்கரிலும் இந்தியப் பெருங்கடலின் மேற்குத் தீவுகளிலும் வாழ, இது ஒன்று மட்டும் இத்தனை தொலைவு தள்ளி இங்கே குடியேறியிருக்கிறது. மாற்றல் உத்தரவு எந்தக் காலத்தில் வந்ததோ! பூச்சிகளோடு பூந்தேனும் பழச்சாறும் இதற்கு உணவு. வாழைப்பழம் நறுக்கிய தட்டு மேடைமேல் இருந்தால் சுவரிலிருந்து இறங்கி வந்து, நம்மை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே நக்கும். ஊரிலிருந்து வந்து சிலகாலம் தங்கிய மாமியார் இதைக் கண்டு திகைத்தார். பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்தில் உண்டு. பச்சைப் பல்லிக்கும் அதே பலன்தானா என்பதற்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை.

இரண்டாவது குடி உழவாரக் குருவி. தாழ்வாரத்து விட்டத்தில் பாசியையும் நாரையும் எச்சிலால் ஒட்டிச் சிறு கிண்ணம்போலக் கூடு கட்டும். இதன் உறவினமான மற்றொரு குருவி குகைகளில் எச்சிலாலேயே முழுக்கூட்டையும் கட்டுகிறது. அந்தக் கூட்டைச் சிலர் உணவுப்பொருளாக விலைக்கு விற்பதால் அது அரிதாயிற்று. அதைக் காப்பதற்குக் கோவையை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் நிலையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் என்னும் அறிஞர் ஒரு வழி காட்டினார். வீடுகளில் கூடுகட்டும் குருவியின் கூட்டில் குகைக் குருவியின் முட்டையை வைத்து, அக்குஞ்சுகளை வீட்டுக் கூரையின் கீழேயே வளரச் செய்வது அவ்வழி. அவர் 2009 இல் மறைந்தார். அவர் காட்டிய வழியை எண்ணும்போதெல்லாம் எங்கள் தாழ்வாரத்தின்மேல் ஒரு மதிப்பு உண்டாகிறது. குருவிகள் கீழே செய்யும் அசுத்தத்தை நாள்தோறும் கழுவுகிறவருக்கு அந்த மதிப்பு சற்றுக் குறைவு என்பதையும் மறைப்பதற்கில்லை.

வீடு மரத்தால் ஆனது என்றோம். இத்தீவுகள் நிலநடுக்கத்தில் மிகக் கடிய மண்டலத்தைச் சேர்ந்தவை. பாரமற்ற மரவீடு ஆட்டத்தைத் தாங்கும். எங்கள் மேசையும் கதவும் படாக் மரம். நம் வேங்கை மரத்தின் இனம், செந்நிறம். மழைக்காலத்தில் பூசணம் பூத்து மங்கிவிடும். தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் உள்ளிருந்து ஒரு சிவப்பு எழும்பும். கடையில் வாங்கும் மேசை வாங்கிய அன்று அழகு. இது துடைக்கத் துடைக்க அழகு. இப்போது காங்கிரீட் வீடுகள் பெருகிவிட்டன. மரம் வெட்டுவதற்கும் உச்ச நீதிமன்றம் 2002 இல் கடுமையான வரம்பு விதித்தது. அது வேண்டியதே. பழைய மரவீடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன.

இந்நகரத்தில் முதன்முதல் வீடு அமைத்தவர் யார் என்று எண்ணினால் உள்ளம் கனக்கிறது. 1858 இல் ஆங்கிலேயர் இதைத் தண்டனைக் குடியிருப்பாகத் தொடங்கினர். இங்கே அனுப்புவதன் நோக்கமே ஒருவனை வீட்டிலிருந்து பிரிப்பது. கடல் தாண்டினால் குலமும் உறவும் அறும் என்று அக்காலத்தவர் நம்பியதால், அந்த அச்சமும் தண்டனையின் ஒரு பகுதியாயிற்று. ஆயினும் நன்னடத்தையோடு ஆண்டுகள் சிலவற்றைக் கழித்த கைதிகளுக்கு நிலம் தந்து, தாமே உழைத்து வாழவும், பெண் கைதிகளை மணந்து குடும்பம் நடத்தவும் அனுமதித்தனர். அரசியல் கைதிகள் பூட்டப்பட்ட செல்லுலார் சிறையைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம், படிக்கவும் வேண்டும். இந்தக் குடிசைகளைப் பற்றி அவ்வளவாகப் படித்ததில்லை. வேறு வேறு மாகாணம், வேறு வேறு மொழி, வேறு வேறு சாதி. கணவன் ஒரு பாஷை, மனைவி ஒரு பாஷை. அவர்கள் எந்தச் சோற்றை எந்தக் குழம்போடு உண்டார்கள், பிள்ளையை எந்த மொழியில் தாலாட்டினார்கள்? எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். ‘லோக்கல் பார்ன்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் நாள் என்று ஒன்று அந்த முன்னோருக்கு இல்லை. அவர்கள் அடுப்பு மூட்டிய நாளே வீடு தொடங்கிய நாள்.

பின்னர் வந்தவர்களும் இவ்வாறே. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார் தாம் குடியேறிய இடங்களுக்குக் காலிகட், மஞ்சேரி, திரூர், மன்னார்காடு, வண்டூர் என்று சொந்த ஊர்களின் பெயரையே வைத்தார்கள். இன்றும் பேருந்துகளில் அப்பெயர்கள் எழுதியிருக்கக் காணலாம். நாட்டுப் பிரிவினையால் வீடிழந்த வங்காளிகள் 1949 முதல் வந்தனர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சில, நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. மூன்று ஆண்டு மாற்றலுக்குப் பெருமூச்சு விடும் நாம் இவர்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கச்சால் என்றதும் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வருகிறது. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைத்தான் மிகக் கொடுமையாகத் தாக்கியது. உயிரோடு எஞ்சியவர்கள் சில ஆண்டுகள் தகரத் தடுப்பு வீடுகளில் வாழ நேர்ந்தது. பிறகு அரசாங்கம் மேட்டு நிலத்தில் நிலையான வீடுகளைக் கட்டித் தந்தது. உறுதியானவை, தனித்தனிக் குடும்பத்துக்கு ஒன்றாக வகுக்கப்பட்டவை. ஆனால் நிக்கோபாரிகளின் இல்லம் அவ்வாறு வகுபடுவது அன்று. ‘துஹெத்’ என்னும் பெருங்குடும்பமே அவர்களுக்கு இல்லம். நிலமும் தென்னையும் பன்றியும் அதற்கே பொது. தூண்கள்மேல் நிற்கும் வீடுகள், வைக்கோற்போர்போல வளைந்த கூரை, கீழே ஏணி. தூண்களுக்கு நடுவே உள்ள நிழலில்தான் பகற்பொழுது கழியும். புதிய வீடுகளில் அந்த நிழலுக்கு இடம் குறைவு, துஹெத் கூடி இருக்கவும் இடம் குறைவு என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சதுர அடியில் கணக்கிட்டால் ஒன்றும் குறையவில்லை. ‘ஆவாஸ்’ கிடைத்தது; வேறு ஒன்று கிடைக்கவில்லை. அச்சொல்லை மொழிபெயர்க்கும்போதெல்லாம் எங்கள் பேனா இந்த இடத்தில் சற்று நிற்கிறது.

நிக்கோபாரிகளிடம் நமக்கு ஓர் உறவு உண்டு, தாழை. நம் பெண்கள் தாழம்பூவைப் பின்னலில் வைத்துத் தைப்பார்கள். அவர்களோ அதே இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பெருங்காயை வேகவைத்து, நாரை நீக்கிப் பிசைந்து உணவாக்குகிறார்கள். நமக்கு மணம்; அவர்களுக்குச் சோறு. அனுமதியின்றி அத்தீவுகளுக்குச் செல்லலாகாது; செல்லாமலே தெரிந்துகொள்ளத் தக்கது இது.

எங்கள் அடுக்களை கப்பலைப் பார்த்து வாழ்வது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும் பெரும்பாலும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வரவேண்டும். வங்கக் கடலில் புயற்சின்னம் என்று வானொலி சொன்னால், ஊரில் இருப்பவர் குடையைத் தேடுவர். எங்கள் வீட்டில் வெங்காயக் கூடையை எட்டிப் பார்ப்போம். கப்பல் தாமதித்த நாட்களில் கண்டுபிடித்த சமையல் எத்தனையோ. பப்பாளிக்காய்க் கூட்டு அவ்வாறு வந்ததுதான். வெங்காயம் இல்லாத மீன்குழம்பில் தேங்காய்ப்பாலும் குடம்புளியும் சேர்ந்தால் ஒரு குறையும் தெரியாது. பக்கத்து மலையாளக் குடும்பம் கற்றுத் தந்தது. வங்காளிகளின் பௌஷ சங்கராந்தியும் நம் பொங்கலும் ஒன்றாகவே வரும். காலையில் இங்கிருந்து ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் போகும். மாலையில் அதே கிண்ணத்தில் தேங்காய்ப் பூரணம் வைத்த பிட்டே என்னும் பலகாரம் திரும்பி வரும். அரிசி, தேங்காய், வெல்லம்: பொருள் மூன்றும் ஒன்றே. கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்னும் வழக்கம் இரு மொழியிலும் உண்டு. அதனால் எந்தக் கிண்ணம் யாருடையது என்பது இப்போது எவருக்கும் தெரியாது.

மாற்றல் உத்தரவு வரும் நாளும் உண்டு. பாத்திரமும் துணியும் பெட்டிக்குள் போகும். படாக் மேசையைக் கொண்டுபோவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால் பெரும்பாலும் இங்கேயே யாருக்கேனும் கொடுத்துவிடுவார்கள். செடிகளைக் கொண்டுபோக முடியாது. எங்கள் தெருவில் அதற்கு ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. போகிறவர், புதிதாக வருகிறவரை வாசலில் நிறுத்தி, எந்தச் செடிக்கு எத்தனை சொம்பு என்று சொல்லிவிட்டுப் போவார். துளசிக்கு ஒன்று, செம்பருத்திக்குக் கோடையில் அரிசி கழுவிய நீர், கறிவேப்பிலைக்குப் புளித்த மோர். எங்கள் சமையலறைப் பின்புறம் கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கும் கறிவேப்பிலையை எங்களுக்கு முன் இருந்த தெலுங்குக் குடும்பத்தார் ஒப்படைத்தார்கள். அவர்களுக்கு அதை ஒப்படைத்தவர்கள் திருநெல்வேலிக்காரர்கள் என்று கேள்வி. நட்டவர் யார் என்பது தெரியவில்லை. அந்த அம்மையார் இப்போது எந்த மாநிலத்தில், எந்தக் குவாட்டர்ஸில் இருந்து இந்தப் பேச்சைக் கேட்கிறாரோ! மரம் நன்றாக இருக்கிறது. அண்டை அயலார் எல்லாரும் இதில்தான் பறிக்கிறார்கள்.